உப்புக் காற்றில் முகப்பூச்சு: எதன்மேல் எது?

"சுத்தமான, உலர்ந்த முகத்தில் பூசவும்" என்ற ஒரே வரி சீரம் புட்டியிலும் க்ரீம் டப்பாவிலும் சன்ஸ்கிரீன் குழாயிலும் ஒருசேர அச்சாகியிருந்தால், வாங்கியவர் எதைத்தான் முதலில் எடுப்பார்? தம்முடைய பொருள் ஒன்று மட்டுமே அந்த முகத்தில் ஏறப்போகிறது என்று எண்ணித் தயாரிப்பாளர் எழுதிய குறிப்பு அது. அலமாரியில் நான்கு பொருட்கள் சேர்ந்துவிட்ட பிறகு அதனால் பயனில்லை. ராமநாதபுரம் கடற்கரையில் மண்டபத்திலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ வசிப்பவருக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. குளிரூட்டிய அறையில் பகலைக் கழிப்பவரை மனத்தில் வைத்துச் சொல்லப்படும் பத்துப் படி வரிசை, உப்புத் தண்ணீரில் முகம் கழுவி, உப்புக் காற்றில் நடந்து, மணலிலும் நீரிலும் பட்டுத் திரும்பும் வெயிலில் நிற்பவருக்கு அப்படியே பொருந்துவதில்லை.

இந்தக் கரைக்கு உரிய வரிசையைச் சன்ஸ்கிரீனிலிருந்து பின்னோக்கித்தான் அமைக்க வேண்டும் என்பது என் கருத்து. காலையில் பூசும் க்ரீம்களில் கடைசியாக வருவதும், மற்ற எல்லாவற்றையும்விட இன்றியமையாததும் அதுவே. அது சீரான படலமாகப் படிந்து, வியர்வையிலும் எளிதில் வழியாமல் நிற்பதற்கு எது துணை செய்கிறதோ அதை அதற்கு முன்னால் வைக்கலாம். எது அதை வழுக்கவோ திரளவோ செய்கிறதோ அதை இரவுக்குத் தள்ளலாம், அல்லது விட்டேவிடலாம்.

இறங்குபவையும் தங்குபவையும்

பொது விதி எளியது. தோலுக்குள் இறங்கி வேலை செய்ய வேண்டியவை முதலில். தோலின்மேல் தங்கி வேலை செய்ய வேண்டியவை பின்னால். நீர்த்தன்மை கொண்ட சீரம் முதல் வகையைச் சேர்ந்தது. ஈரத்தை வெளியேறவிடாமல் காக்கும் மாய்ஸ்சரைசர், எண்ணெய், வாசலின் ஆகியவை இரண்டாம் வகை. எண்ணெய்ப் படலம் ஒன்று முதலிலேயே படிந்துவிட்டால், அதன்மேல் பூசும் நீர்த்த பொருள் தோலைச் சரிவர எட்டாமல் மேலேயே நின்று காய்ந்துபோகும். "மெல்லியது முதலில், கெட்டியானது பிறகு" என்று பலரும் சொல்வது இந்த விதியின் சுருக்கம்தான். ஆனால் அந்தச் சுருக்கம் எல்லா இடத்திலும் கைகொடுக்காது. இன்று கடைகளில் கிடைக்கும் சன்ஸ்கிரீன்களில் சில, உள்ளங்கையில் ஊற்றினால் ஓடும் அளவுக்கு மெல்லியவை. அதற்காக அவற்றை க்ரீமுக்கு முன்னால் பூசிவிடக் கூடாது. அவை மேலே தங்க வேண்டியவை.

தலையும் தண்ணீரும்

வரிசை முகத்தில் தொடங்குவதில்லை, தலையில் தொடங்குகிறது. தலைக்குத் தேங்காயெண்ணெய் வைத்து வாரிய கையோடு முகத்தையும் ஒரு தடவு தடவிக்கொள்வது நம் வீடுகளில் நெடுநாள் பழக்கம். பருவுக்கு இடம் கொடுக்கும் தோலில் அந்த எண்ணெய் துளைகளை அடைக்கக்கூடும். நெற்றியோரத்திலும் கன்னப் பொட்டிலும் மட்டும் சிறு சிறு பருக்கள் வரிசையாக வருபவர்கள் முதலில் தலையெண்ணெயைத்தான் சந்தேகிக்க வேண்டும். தவிரவும், எண்ணெய் ஏறிய முகத்தில் சன்ஸ்கிரீன் ஒட்டாமல் வழுக்கும். ஆகவே எண்ணெய் வைத்து வாரி முடித்து, கையைச் சோப்பிட்டுக் கழுவிவிட்டு, அதன் பிறகே முகம் கழுவப் போக வேண்டும். தலைக்குக் குளிக்கும் நாளிலும் அப்படியே: ஷாம்பு, கண்டிஷனர் வழிந்து முடிந்த பிறகே முகத்தின் முறை.

அடுத்தது தண்ணீர். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் பெரும்பாலும் உப்பாகவோ கடினமாகவோ இருக்கிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்தால் கரையாத படிவு உண்டாகும். பக்கெட்டின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் நகத்தில் வெள்ளையாகச் சேர்கிறதே, அதுதான். அது முகத்திலும் படிந்து, கழுவிய சற்று நேரத்தில் தோல் இழுத்துப் பிடிக்கிறது. இழுப்பதைப் பலர் சுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் அது வறட்சியின் அடையாளம். வழக்கமான கட்டிச் சோப்பின் காரத்தன்மை 9 முதல் 10 பி.எச். வரை இருக்கும்; நம் தோலோ 5ஐ ஒட்டிய இலேசான அமிலத்தன்மை கொண்டது. எனவே சோப்புக் கலவாத, நுரை குறைந்த ஃபேஸ்வாஷ் கடின நீருக்கு ஏற்றது. போர்த் தண்ணீரிலேயே முகம் கழுவிக்கொண்டாலும், கடைசி அலசலுக்கு மட்டும் காவிரிக் கூட்டுக் குடிநீரில் ஒரு சொம்பு எடுத்து வைத்துக்கொள்ளலாம். குடத்தைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வரும் வீடுகளில் ஒரு சொம்பும் கணக்குத்தான் என்பது தெரியாததல்ல. அங்கே மாலையில் கழுவும்போது மட்டும் நல்ல தண்ணீர் போதும்.

கடலிலிருந்து கரையேறியவர் முகத்தைத் துடைக்கக் கூடாது, முதலில் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். கடல்நீரில் ஏறக்குறைய 3.5 விழுக்காடு உப்பு இருக்கிறது. நீர் காய்ந்ததும் அது புருவத்திலும் மூக்கோரத்திலும் மணிமணியாக நிற்கும். அதன்மேல் துண்டை வைத்துத் தேய்ப்பது தோலைச் சிராய்ப்பதற்குச் சமம். உப்பு நீங்காத முகத்தில் பூசும் எந்தச் சீரமும் எரியும்.

சீரமும் மாய்ஸ்சரைசரும்

முகம் கழுவியபின் ஒற்றிக்கொள்ளும் நீர்த்த திரவமான டோனர் அவசியமில்லை. வைத்திருப்பவர்கள் கழுவியவுடன் அதைப் பூசிக்கொள்ளலாம். ஸ்பிரிட் வாடை அடிப்பதாக இருந்தால் அதையும் விட்டுவிடலாம்.

காலைச் சீரத்துக்கு வைட்டமின் சி, நியாசினமைடு (வைட்டமின் பி3இன் ஒரு வடிவம்) இரண்டில் ஒன்று போதும். வெயிலால் தோலில் விளையும் சிதைவைக் குறைப்பதில் வைட்டமின் சி சன்ஸ்கிரீனுக்குத் துணை நிற்கிறது. ஆனால் அதன் தூய வடிவம் வேலை செய்ய 3.5க்கும் குறைந்த பி.எச். வேண்டும் என்பதால் சிலருக்கு எரிச்சல் தரும். எண்ணெய் வழியும் முகத்துக்கும், எரிச்சல் தாங்காத முகத்துக்கும் நியாசினமைடு இணக்கமானது. இரண்டையும் ஒன்றாகச் சேர்க்கவே கூடாது என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு இன்றைய தயாரிப்புகளைப் பொறுத்தவரை வலுவான ஆதாரம் இல்லை. ஆயினும் இந்தப் புழுக்கத்தில் அடுக்குகள் குறைவதே நல்லது. மூன்று நான்கு சொட்டு எடுத்து, தேய்க்காமல் ஒற்றி ஒற்றிப் பரப்பி, ஒட்டும் பிசுபிசுப்பு அடங்கும்வரை விட வேண்டும்.

இந்தப் பொறுமை ஏன் தேவை என்பது, அவசரப்பட்டால் கண்ணுக்கே தெரிந்துவிடும். சீரம் உலருமுன் மாய்ஸ்சரைசரையும், அது உலருமுன் சன்ஸ்கிரீனையும் பூசித் தேய்த்தால், ரப்பரால் அழித்த தாளில் சேரும் துகள்களைப்போல வெள்ளைத் துகள்கள் தாடையோரத்தில் உருண்டு வரும். அது அழுக்கன்று, பூசிய மூன்றும் கலந்து திரண்டு, தோலைவிட்டுப் பெயர்ந்து வருவது. அப்படிப் பெயர்ந்த இடத்தில் சன்ஸ்கிரீனும் இல்லை என்றே கொள்ள வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஓரிரு நிமிடம் விட்டால் பெரும்பாலும் இது நேராது. பள்ளிக்கூட வேன் வந்து நிற்கிற நேரத்தில் அதற்கு வழியில்லை என்றால், சீரத்தை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் பூசிக்கொண்டு போகலாம். மூன்றையும் அவசரமாகப் பூசுவதைவிட இரண்டை ஒழுங்காகப் பூசுவது மேல்.

சீரம் பூசாத நாளில் மாய்ஸ்சரைசரை முகத்தில் சற்றே ஈரம் இருக்கும்போதே பூசலாம். எந்த வகை என்பதைக் காற்றுதான் தீர்மானிக்கும். வாடைக் காற்றின் ஈரத்திலும், சித்திரை வைகாசிப் புழுக்கத்திலும் ஜெல் வகை போதும். எண்ணெய் வழியும் முகமாக இருந்தால், ஈரப்பதம் தரும் சன்ஸ்கிரீன் ஒன்றே இரண்டு வேலையையும் செய்துவிடும். கச்சான் வீசும் ஆனி ஆடியில், மணலை வாரி இறைக்கும் அந்தக் காற்று உதட்டையும் கன்னத்தையும் வெடிக்கச் செய்யும்போது, செராமைடோ கிளிசரினோ கலந்த கெட்டியான க்ரீம் தேவைப்படும். அந்த மாதங்களிலும் காலையில் முகம் முழுவதும் வாசலின் பூச வேண்டாம். உதட்டுக்கும் மூக்கின் ஓரங்களுக்கும் அது போதும், அதுவும் சன்ஸ்கிரீன் படிந்த பிறகு.

சன்ஸ்கிரீன்

நிலநடுக்கோட்டுக்கு 9 பாகை வடக்கே இருக்கும் இந்தக் கரையில், மாசி பங்குனி தொடங்கித் தெளிந்த வானமுள்ள நாட்களின் நண்பகலில் புற ஊதாக் கதிர்க் குறியீடு 11ஐத் தாண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் அதற்கு மேல் வேறு படியில்லை. மேலிருந்து வருவது மட்டும் கணக்கன்று. உலர்ந்த கடற்கரை மணல் சுமார் 15 விழுக்காடும், கடல் நுரை சுமார் 25 விழுக்காடும் புற ஊதாக் கதிரைத் திருப்பி அனுப்புகின்றன. தனுஷ்கோடி மணல்திட்டில் தொப்பி அணிந்து நின்றாலும் தாடையின் அடிப்புறமும் மூக்கின் கீழ்ப்புறமும் கறுப்பதற்கு அதுவே காரணம். பூசும்போது அந்த இடங்களையும், காது மடலையும், பின்கழுத்தையும் விட்டுவிடக் கூடாது.

எவ்வளவு பூசுவது என்பதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். எஸ்.பி.எஃப். (வெயிலிலிருந்து காக்கும் அளவு) எண் என்பது ஒரு சதுர செண்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற கனத்தில் பூசிச் சோதித்த எண். அந்தக் கனத்தில் 30 எண் கொண்டது புற ஊதா பி கதிரில் சுமார் 97 விழுக்காட்டையும், 50 எண் கொண்டது சுமார் 98 விழுக்காட்டையும் தடுக்கும். ஆகவே 50 வாங்கிப் பொட்டளவு பூசுவதைவிட 30 வாங்கித் தாராளமாகப் பூசுவது பயனுள்ளது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் முழு நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒரே தடவையில் அவ்வளவும் படியாது என்று தோன்றினால், ஒரு விரல் அளவைப் பூசி, அது அமர்ந்ததும் இன்னொரு விரல் அளவைப் பூசலாம். எஸ்.பி.எஃப். சொல்வது பெரும்பாலும் பி கதிரைப் பற்றியே. தோலைக் கறுக்கவும் தளரவும் வைக்கும் ஏ கதிருக்குப் பி.ஏ. என்ற எழுத்துகளை ஒட்டிய கூட்டல் குறிகளைப் பார்க்க வேண்டும், குறைந்தது மூன்று.

கன்னத்தில் மங்கு என்னும் கருந்திட்டு படிந்தவர்கள் தோல்நிறச் சாயம் கலந்த சன்ஸ்கிரீனைத் தேடி வாங்குவது நல்லது. அந்தச் சாயத்திலுள்ள இரும்பு ஆக்சைடு, மங்கை அதிகப்படுத்தும் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கிறது. துத்தநாக ஆக்சைடு வகைகள் மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சாம்பல் பூத்துக் காட்டும் குறையும் அதனால் தீரும்.

பூசியபின் வெயிலில் இறங்கக் கால் மணி நேரம் விட வேண்டும். அதன் மேல்தான் பவுடர், ஃபவுண்டேஷன், கண் மை எல்லாம். பவுடரை முதலில் போட்டுவிட்டு அதன்மேல் சன்ஸ்கிரீன் தேய்த்தால் இரண்டும் பிசைந்த மாவாகும். திருநீறும் குங்குமமும் இடுவோர் சன்ஸ்கிரீன் உலர்ந்த பிறகே இட வேண்டும். ஈரத்தில் இட்டால் நெற்றியில் அந்தப் பட்டை முழுவதும் பூச்சு வழித்துக்கொண்டு வந்துவிடும். மாலையில் கொசுவுக்கான க்ரீம் பூசும் வழக்கமுள்ளவர்கள், வெயில் இறங்குமுன் வெளியே போவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் முதலில், கொசு க்ரீம் அதன்மேல்.

முகத்திரை அணியும் பெண்கள் கண்ணைச் சுற்றிய பகுதிக்காவது பூசிக்கொள்ள வேண்டும். துணி உரசும் மூக்குத் தண்டிலிருந்துதான் பூச்சு முதலில் அழியும்.

நீரில் இறங்குபவர்களுக்கு

வீட்டில் இருப்பவருக்குக் காலைப் பூச்சோடு வரிசை முடிந்துவிடும். வெயிலில் நிற்பவர் 2 மணி நேரத்துக்கு ஒருமுறையும், நீரில் நனைந்தாலோ வியர்வையைத் துடைத்தாலோ உடனேயும் மறுபடி பூச வேண்டும். நீரைத் தாங்கும் என்று குறிப்பிட்ட சன்ஸ்கிரீன்களுக்கும் எல்லை உண்டு. 40 நிமிடம் அல்லது 80 நிமிடம் என்று உறையில் போட்டிருக்கும், அவ்வளவே. மறுமுறை பூசும்போது சீரம் தொடங்கி வர வேண்டியதில்லை. நல்ல தண்ணீரில் அலசி, ஒற்றி எடுத்து, சன்ஸ்கிரீனை மட்டும் பூசினால் போதும்.

பாம்பன் சின்னப்பாலம் பக்கத்தில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்களுக்கு முகத்தில் மாட்டும் கண்ணாடியின் விளிம்பே பூச்சைத் துடைத்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் நிற்பவர்களுக்கு வியர்வை. இவர்களுக்கு க்ரீமைவிடத் தலையைச் சுற்றிய துண்டும் நீண்ட கைச்சட்டையும்தான் முதல் காப்பு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துணி மறைக்காத இடத்துக்கு மட்டும் துத்தநாக ஆக்சைடு கலந்த கெட்டி வகையைப் பூசலாம். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு வேதிப்பொருட்களும் பவளப்பாறைகளுக்குக் கேடு செய்யக்கூடும் என்ற கவலையால் அவை கலந்த சன்ஸ்கிரீன்களின் விற்பனையை ஹவாய் 2021 முதல் தடைசெய்திருக்கிறது. 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய பவளப்பாறைகளும் நம் தென்கடலில், மன்னார் வளைகுடாவில், இருக்கும்போது, வாங்குமுன் உறையின் பின்புறத்தைப் படித்துப் பார்ப்பதில் நட்டமில்லை.

ராமேசுவரத்துக்கு வருபவர்கள் அக்னி தீர்த்தத்துக்கும் கோயிலின் 22 தீர்த்தங்களுக்கும் முன்னால் சன்ஸ்கிரீன் பூசுவது வீண். வாளி வாளியாக ஊற்றும் தண்ணீரில் எதுவும் நிற்காது. விடியலில் நீராடி முடித்து, உடை மாற்றி, பிறகு பூசிக்கொண்டு வெளியே வரலாம்.

இரவு வரிசை

இரவுக்கு வேலை குறைவு, ஆனால் முதல் படி கடினமானது. நீரைத் தாங்கும் சன்ஸ்கிரீன் வெறும் ஃபேஸ்வாஷுக்கு அசையாது. கிளென்சிங் பாமோ மைசெல்லர் நீரோ கொண்டு அதைக் கரைத்தெடுத்து, பிறகு ஃபேஸ்வாஷால் கழுவ வேண்டும். அவை இல்லாத வீட்டில் சில சொட்டு எண்ணெயை உலர்ந்த முகத்தில் தடவித் துடைத்தாலும் வேலை நடக்கும். தேங்காயெண்ணெய்க்கு முகத்தில் உரிய இடம் இதுதான், கழுவுவதற்கு முன்.

வைட்டமின் ஏ வகையான ரெட்டினால் இரவுக்கு உரியது, ஒளியில் சிதையக்கூடியது. முகம் முற்றிலும் உலர்ந்த பிறகு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு எடுத்து, கண்ணோரத்தையும் உதட்டோரத்தையும் விட்டுப் பூசி, அதன்மேல் மாய்ஸ்சரைசர் பூச வேண்டும். எரிச்சல் மிகுந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், நடுவில் ரெட்டினால், மேலே மீண்டும் மாய்ஸ்சரைசர் என்று வைத்துக்கொள்ளலாம். இதில் மட்டும் பொது விதி தளர்கிறது. கர்ப்பிணிகளும் கருத்தரிக்க எண்ணுபவர்களும் ரெட்டினாலைத் தொடக் கூடாது. கிளைகோலிக் அமிலம் போன்றவை தோலை வெயிலுக்கு எளிதில் சிவக்கச் செய்வதால், பகலெல்லாம் வெளியே நிற்பவர்களுக்கு அவற்றை நான் பரிந்துரைப்பதில்லை. பூசியே ஆக வேண்டுமென்றால் ரெட்டினால் இல்லாத இரவில், வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை. பருவுக்குப் பென்சாயில் பெராக்சைடு பூசுபவர்கள் அது துணியை வெளுக்கும் என்பதை மறக்கக் கூடாது. தலையணை உறையிலும் துண்டிலும் கறுப்புப் பர்தாவிலும் விழுந்த வெளிறிய திட்டு எந்தச் சலவைக்கும் போகாது.

மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பு இருந்தால், அவர் வேறுவிதமாகச் சொல்லாதவரை, கழுவி உலர்ந்த தோலில் அதுவே முதலில்; மற்றவை அதன்மேல். ஆனால் "அண்ணே, முகம் வெளுக்குற க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று மெடிக்கலில் கேட்டு வாங்கும் களிம்புக்கு இந்த வரிசையில் எங்குமே இடம் கிடையாது. அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரங்களில் முகம் பளிச்சென்று ஆகும். மாதங்கள் சென்றபின் தோல் மெலிந்து, நரம்போட்டம் சிவப்பாகத் தெரிந்து, பருவும் முடியும் மிகுந்து, நிறுத்தினால் எரியத் தொடங்கும். ஸ்டீராய்டு கலந்த பல களிம்புகளை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவற்றின் பட்டியலில் மத்திய அரசு 2018இல் சேர்த்ததன் காரணம் இதுவே. ஏற்கெனவே பழகிவிட்டவர்கள் தாமாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் மருத்துவரைக் காண வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவதற்கும் இந்த வரிசையில் இடம் கிடையாது. அதிலுள்ள சில பொருட்கள் வெயிலோடு சேர்ந்து தோலைக் கொப்புளிக்கவைத்து, மாதக்கணக்கில் போகாத கறுப்புத் தழும்பை விட்டுச்செல்லக்கூடும். மஞ்சள் பூசிக் குளிப்பவர்கள் அதை நன்றாகக் கழுவிவிட்டு மேற்சொன்ன வரிசையைத் தொடங்கலாம்.

புதியதும் பழையதும்

புதிய பொருட்களை ஒரே நாளில் எல்லாம் தொடங்கினால், தடிப்பு வரும்போது குற்றவாளி யாரென்று தெரியாது. ஒன்றை முழங்கையின் உட்புறத்தில் சில நாள் பூசிப் பார்த்து, பிறகு முகத்தில் தொடங்கி, இரண்டு வாரம் கழித்து அடுத்ததைச் சேர்க்க வேண்டும். வைட்டமின் சி சீரத்தைத் தகரக் கூரையின் கீழ் வைக்காமல் ஃப்ரிட்ஜ் கதவில் வைக்கலாம். வாங்கும்போது தெளிவாக இருந்தது பழுப்பாக மாறிவிட்டால் அது பயன் இழந்துவிட்டது. சன்ஸ்கிரீன் குழாயைப் படகின் அணியத்திலும் பைக்கின் பெட்டிக்குள்ளும் போட்டுவைப்பவர்கள், அதைத் துணியில் சுற்றி நிழலில் வைக்க வேண்டும். பிதுக்கும்போது முதலில் நீரும் பிறகு கட்டியுமாகப் பிரிந்து வந்தால், உறையில் தேதி இன்னும் மிச்சமிருந்தாலும் அந்தக் குழாயை முகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது.